துண்டுக் கடைக்கு வந்த கிரேக்கச் சொல்

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் துண்டை வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள். கொண்டு வந்தவர்களிலும் கொஞ்சம் பேர் அதை அருவியோடு விட்டுவிட்டு நிற்பார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் நம்பித்தான் சீசன் மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

தென்காசியில் எங்களுக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருக்கிறது. நைட்டி, உள்பாவாடை, பள்ளிச் சீருடைத் துணி, இப்படி. சாரல் விழ ஆரம்பித்ததும் நான் மட்டும் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவேன். மெயினருவிக்குப் போகிற வழியில் தகரம் வேய்ந்த ஒரு தற்காலிகக் கடை. துண்டு, லுங்கி, அரைக்கால் டவுசர் எல்லாவற்றையும் சுற்றிலும் தொங்கவிட்டு, நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரருக்குச் சாரல் ஆகாது. நாலு தூறல் மேலே பட்டால் நாற்பது தும்மல் போடுவார். அதனால் தென்காசிக் கடை அவருக்கு, குற்றாலக் கடை எனக்கு.

சரக்கு எடுப்பது மட்டும் எப்போதும் அவர் வேலை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. மொத்தக் கடையில் துண்டை விரித்து, ஓரத்தில் தொங்கும் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். நைலான், பாலியெஸ்டர் என்றால் சுருண்டு உருகி, கடுகு மாதிரி கெட்டியாகிவிடும். "என்ட்ட எவனும் ஏமாத்த முடியாது" என்பார். அந்த நம்பிக்கையில்தான் நான் கடை முகப்பில் 'சுத்தப் பருத்தி ஈரிழைத் துண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின சீசனில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், என் சிநேகிதி குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை நாங்கள் ஒரே பெஞ்ச். கணக்குப் பரீட்சையில் அவள் தாளைப் பார்த்துத்தான் நான் தேறினேன். பிறகு அவள் கன்னியாஸ்திரி ஆகிவிட்டாள். எங்கெங்கோ போய்ப் படித்து, கிரேக்க மொழியெல்லாம் கற்றுக்கொண்டு, இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மடத்தில் இருக்கிறாள். ஊரே அவளைச் சிஸ்டர் என்று கூப்பிடுகிறது. எனக்கு மட்டும் வாய் வருவதில்லை.

"ஏட்டி, வா வா, நனைஞ்சிட்டியே" என்றேன்.

லுங்கி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை முறைத்தார். "சிஸ்டரைப் போயி ஏட்டிங்கியேம்மா?"

"அவ அப்படித்தான் அண்ணாச்சி, திருந்த மாட்டா" என்று அவளே சொன்னாள். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே, வாங்காமல் போய்விட்டார்.

அவள் குளிக்க வரவில்லை. என்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தாள். பைபிள் படிக்கிற மாணவர்களுக்காகக் கிரேக்கச் சொற்களுக்குத் தமிழ் அர்த்தம் எழுதி ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லில் வந்து மூன்று நாளாக நிற்கிறாளாம். துணி சம்பந்தப்பட்டது என்பதால் என் ஞாபகம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் அவளிடம் கேட்டதுதான் வழக்கம். அவள் என்னிடம் கேட்க வந்தது எனக்கு ஒரு மாதிரி கூச்சமாகவும் குஷியாகவும் இருந்தது. பிளாஸ்கில் இருந்த சுக்குக் காபியை ஊற்றிக் கொடுத்தேன்.

"சொல்லு, என்ன வார்த்தை?"

"கிப்டெலோஸ்."

"அது என்னட்டி, கிஃப்ட்டா லாஸா?"

அவள் சிரித்து முடித்துவிட்டு விளக்கினாள். உலோகத்தை உருக்கும்போது ஒதுங்குகிற கசடுக்குக் கிரேக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம். அதிலிருந்துதான் இந்தச் சொல் வந்திருக்க வேண்டும் என்று அகராதிக்காரர்கள் நினைக்கிறார்கள். முதலில் காசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மேலே பார்த்தால் வெள்ளி, உள்ளே மட்டமான உலோகம், அது கிப்டெலோஸ். அப்புறம் ஆளுக்கும் சொன்னார்கள். பேச்சில் நல்லவன், மனதில் வேறு, அவனும் கிப்டெலோஸ்.

"குறிக்கும் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"குறின்னா? கோடாங்கி சொல்லுத குறியா?"

"அதேதான். ஸ்பார்ட்டாக்காரங்க பக்கத்து ஊர் மேல படையெடுக்கதுக்கு முந்தி கோயில்ல குறி கேட்டாங்க. அந்த ஊர்ல நீங்க ஆடுவீங்க, அந்த வயலைக் கயிறு போட்டு அளப்பீங்கன்னு குறி வந்துச்சு. ஆகா, ஊரு நமக்குத்தான்னு நெனச்சு, பிடிக்கப்போற கைதிகளுக்குக் கால்ல மாட்ட விலங்கு வரைக்கும் கையோட தூக்கிட்டுப் போனாங்க."

"ஜெயிச்சாங்களா?"

"தோத்துட்டாங்க. கொண்டுபோன விலங்கை அவங்க கால்லயே மாட்டி, அதே வயலை அளக்க விட்டாங்க. குறி பலிச்சுட்டு பாத்தியா? அந்தக் குறியைத்தான் கிப்டெலோஸ்னு எழுதி வச்சிருக்காங்க."

எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. விலங்கைச் சுமந்துகொண்டு போனவர்களின் முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அவளுடைய சிக்கல் இதற்கு அடுத்தது. யூதர்களின் பழைய சட்டம் ஒன்றில், இரண்டு வகை நூல் கலந்து நெய்த துணியை உடுத்தக்கூடாது என்று வருகிறது. ஆட்டுரோம நூலும் சணல்நாரும் சேரக்கூடாது. அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்தத் துணிக்குப் போட்ட சொல்லும் கிப்டெலோஸ்தான். "காசு, ஆளு, குறி, துணி. நாலுக்கும் ஒரே தமிழ் வார்த்தை போட முடியுமா? நீங்க கடையில இந்த மாதிரித் துணிய என்ன சொல்லுவீங்க?"

"மிக்ஸிங்."

"அதைப் போய் அகராதியில எழுதவா?"

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். டூப்ளிகேட் என்றேன். அது ஆங்கிலம் என்றாள். போலி என்றாள். போலி என்றால் இன்னொன்றைப் போல இருப்பது. நல்ல காசைப் போல இருக்கும், சரி, கலந்து நெய்த துணி எதைப் போல இருக்கிறது என்று நான் கேட்டேன். கலப்படம்? அது பாலுக்கும் மிளகாய்ப்பொடிக்கும் சரி, ஆளைக் கலப்படம் என்று எப்படிச் சொல்ல? கவரிங்? எதிர்க்கடையில் கவரிங் நகை விற்கிற அக்கா அதைக் கவரிங் என்று சொல்லித்தான் விற்கிறாள், அதில் என்ன ஏமாற்று? செல்லாக்காசு என்றாள். செல்லாமல் போன நோட்டும் ஒரு காலத்தில் நல்ல நோட்டுதானே என்றேன். அவள் குறிப்பேட்டில் எழுதி எழுதி அடித்தாள்.

"எனக்கென்னமோ கலக்கது தப்பாத் தெரியலை" என்று கடைசியில் சொன்னேன். "டெரிகாட்டன் சட்டைய ஊரே போடுது. கலந்ததைச் சொல்லாம விக்கதுதான் தப்பு. இந்தா, எங்க துண்டைப் பாரு. ஈரிழை. ரெண்டு நூலு, ஆனா ரெண்டும் பருத்தி."

பேச்சோடு நிறுத்தியிருக்கலாம். ஊதுவத்திக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து, ஒரு துண்டின் குஞ்சத்தில் நூலை உருவிக் கொளுத்திக் காட்டினேன். காகித வாசம், பொடிச் சாம்பல். அவள் விரலில் தேய்த்துக் காட்டினேன். பெருமையாக இருந்தது.

அவள் துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது நெடுக ஓடுத நூலு. குறுக்க ஓடுதே, அதையும் கொளுத்தேன்."

அவளுக்கு என் மேல் சந்தேகம் ஒன்றுமில்லை. நெசவைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான். குஞ்சத்தில் தொங்குவதெல்லாம் நெடுக ஓடுகிற பாவு நூல். குறுக்கே ஓடுகிற ஊடை நூல் வெளியே தெரியாது. ஊசியால் நெம்பி ஒரு ஊடை நூலை இழுத்தேன். தீயைக் காட்டியதும் அது பின்னால் ஓடுவது போலச் சுருண்டது. கறுப்பாகப் புகைந்தது. நுனியில் ஒரு கடுகு.

இன்னொரு துண்டை எடுத்தேன். கடுகு. நாலாவது துண்டிலும் கடுகு வந்ததும் தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டேன்.

வெளியே சாரல் வலுத்துத் தகரத்தில் சடசடத்தது. சீசன் தொடங்கிய அந்த இரண்டு வாரத்தில் இந்தத் துண்டை வாங்கிக்கொண்டு போனவர்களில், "தண்ணிய உறிஞ்ச மாட்டேங்குதேம்மா" என்று திரும்பி வந்து சொன்ன மூன்று பேர் ஞாபகம் வந்தார்கள். புதுத் துண்டு அப்படித்தான் இருக்கும், இரண்டு தடவை அலசினால் சரியாகிவிடும் என்று அவர்களுக்கு நான் பதில் சொல்லியிருந்தேன். மனதார நம்பித்தான் சொன்னேன். என்றாலும் காது மடல் சுட்டது.

சிநேகிதி கீழே கிடந்த தீக்குச்சியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு மெதுவாக, "துணிக்கு ஒரு உதாரணம் தேடிட்டு இருந்தேன்" என்றாள். நான் அவளை அடிக்கக் கையை ஓங்கினேன். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் தென்காசிக் கடையில் நடந்ததில் சிரிப்பு இல்லை. வீட்டுக்காரர் நம்பவே இல்லை. அவரே ஊடையை உருவிக் கொளுத்திப் பார்த்தார். பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. உடனே மொத்தக் கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சாவகாசமாகப் பதில் வந்தது: "அண்ணாச்சி, நீங்கதான கொளுத்திப் பாத்து எடுத்தீங்க? நான் ஏதாவது சொன்னேனா?"

போனை வைத்துவிட்டு, "இருக்கதை வித்து முடிப்போம். பொறவு வேற ஆள்ட்ட எடுப்போம்" என்றார்.

"எப்படி விக்க? சுத்தப் பருத்தின்னு எழுதி வச்சிருக்கேன்."

"உன்னை யாரு கேட்டா? சொன்னாத்தான தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சிட்டுல்லா."

அவர் கடையைச் சாத்த எழுந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு போடு, சோறு போட்டாச்சு என்பதற்கு மேல் பேச்சில்லை. அவருக்கு என் மேல் கோபமில்லை, அவர் மேலேயே கோபம் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் குஞ்சத்தையே கொளுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் நான் பழைய போர்டைக் கழற்றிவிட்டு, அட்டையில் புதிதாக எழுதினேன். 'கலப்பு நூல் துண்டு. தண்ணீர் கொஞ்சம்தான் உறிஞ்சும். சீக்கிரம் காயும்.' விலையையும் குறைத்துப் போட்டேன். எதிர்க்கடைக் கவரிங் அக்கா எழுந்து வந்து படித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன கோட்டி பிடிச்சிட்டா?" என்று கேட்டாள்.

முதலில் வந்தவர் ஆலங்குளத்துக்காரர், வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தார். அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"சீக்கிரம் காயுமா? நெசமாவா?"

"காயும் அண்ணாச்சி. ஆனா சரியாத் துவட்டாது."

"துவட்டுனா என்ன, துவட்டாட்டா என்ன? மூணு அருவிக்குப் போகணும். நேத்து நனைஞ்ச துணி வேன்ல நாறுது. பத்து எடு."

சாரல் காலத்தில் குற்றாலத்தில் எதுவும் காயாது. லாட்ஜ் மாடிகளில் மூன்று நாள் ஈரத்தோடு தொங்கும் துணிகளைத் தினமும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஊரில் 'சீக்கிரம் காயும்' என்ற இரண்டு வார்த்தை எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. பத்து நாளில் மூட்டை அடி தெரிந்தது. அதற்குள் வீட்டுக்காரர் வேறு நெசவாளியிடம் பருத்தித் துண்டும் எடுத்து அனுப்பியிருந்தார். எது நல்ல துண்டு என்று ஒருவர் கேட்டார். துவட்ட அது, காய இது என்று இரண்டையும் காட்டினேன். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு செய்தி வந்தது. ராயகிரியிலிருந்து ஒரு ராணுவக்காரர். லீவில் வந்தவர், புது வீட்டுப் பால்காய்ப்புக்குச் சொந்தக்காரர்களுக்கு வைத்துக்கொடுக்க முன்னமே இரண்டு டஜன் துண்டு வாங்கிப் போயிருந்தார். எல்லாமே பழைய போர்டு தொங்கிய நாளில் வாங்கியவை. 'அக்கா, அதே துண்டு இன்னும் ஒரு டஜன் வேணும். ஆள் கூடிப்போச்சு' என்று எழுதியிருந்தார்.

யார் யாரோ வாங்கிப் போனார்கள், அவர்களை எங்கே தேட முடியும் என்று என் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். இப்போது ஒருவர் தானாகவே நம்பரோடு வந்து நிற்கிறார். போன் பண்ணி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி? கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றார். "எங்க அம்மா அன்னைக்கே சொன்னா, இது துண்டா மழைக்கோட்டான்னு. நான்தான் சுத்தப் பருத்தின்னு சண்டை போட்டேன்."

"நாளைக்கு நல்ல துண்டு கொண்டுவந்து மாத்தித் தாரேன். மூணு டஜனா."

"ஏற்கனவே கொடுத்தாச்சே அக்கா. எல்லாரு வீட்டுக்கும் போயி பிடுங்கவா?"

"நான் வாங்கிக்கிடுதேன்."

வீட்டுக்காரரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அந்தப் புது நெசவாளியிடம் எடுத்த நல்ல துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பாவு, ஒரு ஊடை உருவிக் கொளுத்திக்கொண்டிருந்தார். கடை முழுக்கப் புகை. இருமலும் தும்மலுமாக முப்பத்தாறு துண்டையும் பார்த்து, அவரே மூட்டை கட்டி என் பக்கம் தள்ளினார். அத்தோடு எங்கள் மௌனமும் முடிந்தது.

சிநேகிதி தானும் வருவதாகச் சொன்னாள். புளியங்குடி தாண்டியதும் மழையும் இல்லை, சாரலும் இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. சிவகிரியில் வண்டி மாறி ராயகிரி போனோம். புது வீட்டில் பெயின்ட் வாசம் அடித்தது. ராணுவக்காரர் சொல்லிவைத்திருப்பார் போல; சொந்தக்காரர்கள் துண்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய அம்மா சிநேகிதியின் உடுப்பையும் என் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களும் துண்டு ஏவாரமாம்மா?"

"இல்லம்மா, நான் வார்த்தை ஏவாரம்" என்றாள் அவள்.

எல்லோர் முன்னாலும் நின்று, நான் கொடுத்தது சுத்தப் பருத்தி இல்லை என்று சொன்னேன். ஒரு சித்தி உடனே தன் துண்டை நீட்டி மாற்றிக்கொண்டாள். அடுத்தவள் நீட்டினாள். மூன்றாவது ஆள் ஒரு டிராக்டர் ஓட்டுகிறவர், துண்டைத் தோளைவிட்டு எடுக்கவே இல்லை.

"எனக்கு இதுதான் வேணும். காட்டுல வேர்வையில நனைஞ்சா அஞ்சு நிமிசத்துல காயுது. இதைக் குடுக்க மாட்டேன்."

"அப்ப உனக்குப் புதுசு கிடையாதுல்லா?" என்று அவர் பெண்டாட்டி கேட்டாள்.

"ஏன், அதையும் தரட்டுமே. அவங்கதான தப்பு பண்ணுனது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கு இரண்டும் கொடுத்தேன். அப்படியே பாதிப் பேருக்கு மேல் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

ராணுவக்காரரின் அம்மா தன் பழைய துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மானாவாரியில் பருத்தி போட்டு வளர்ந்த கை. "பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கு. கள்ளத் துண்டு!" என்று ஒரு குழந்தையைத் திட்டுவது போலத் திட்டினார்.

சிநேகிதி சடாரென்று நிமிர்ந்தாள். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். என்ன எழுதுகிறாள் என்று ராணுவக்காரர் கேட்க, கிப்டெலோஸ் கதை மறுபடியும் அங்கே நடந்தது. விலங்கைச் சுமந்துகொண்டு படை போன இடம் வந்ததும் அவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "கையோட கொண்டு போனாங்களா? எங்க சுபேதார்ட்ட இதைச் சொல்லணும். அவரும் இப்படித்தான், போகாத ஊருக்கு மூட்டை கட்டுவாரு."

சாப்பிடாமல் விட மாட்டோம் என்றார்கள். சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும். என் இலையில் இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது அந்த அம்மா, "இனிமே குறுக்குநூலையும் பாத்து எடுக்கச் சொல்லு உன் வீட்டுக்காரரை" என்றார். சரிம்மா என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சிநேகிதி தன் கணக்கைச் சொன்னாள். கள்ளக்காசு, கள்ளமனசு, கள்ளவாக்கு. காசு, ஆள், குறி மூன்றுக்கும் ஒட்டுகிறது. இன்னும் ஒரு ஆச்சரியம், அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து 'அகிப்டெலோஸ்' என்றால் எதிர்ப்பதமாம். "கள்ளமில்லாதன்னு அப்படியே வந்து உக்காருதுட்டி! இத்தனை நாளா எத்தனை புஸ்தகத்தைப் புரட்டினேன்!"

"துணிக்கு?"

"துணிக்கு ஒட்டாது. அந்தச் சட்டத்துல யாரும் யாரையும் ஏமாத்தலை. ரெண்டு நூலு சேரக்கூடாதுங்காங்க, அவ்வளவுதான். அதுக்குத் தனியா 'கலப்பு நூல்'னு போடப்போறேன். கடையில எழுதி வச்சிருக்கியே, அதுதான்."

நான் அட்டையில் அவசரத்தில் எழுதியது அகராதியில் ஏறப்போகிறது என்பதைக் கேட்டு எனக்கு நிலை கொள்ளவில்லை. கணக்கில் அவளைப் பார்த்து எழுதியவள் நான்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வண்டியோடு வந்து நின்றார்.

"எத்தனை திரும்பி வந்துச்சு?"

"பதினொண்ணு."

"திட்டுனாங்களா?"

"சோறு போட்டாங்க."

அவர் மூட்டையை வாங்கி வண்டியில் வைத்தார். பிறகு சிநேகிதியிடம், "சிஸ்டர், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார். மூன்று பேரும் வெளியே இருந்த கடையில் நின்று டீ குடித்தோம், கூடவே சூடாக ஆளுக்கு ஒரு உளுந்தவடை. காசு நான் கொடுக்கிறேன் என்று சிநேகிதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை.